417-ஆம் அறையில் இன்னொருவன்

என் மனைவிக்கு இன்னொருவனோடு தொடர்பு இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் அக்கம்பக்கத்தார் யாரும் இல்லை. அடித்தளத்தில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி சொன்னது. மனிதர்கள் சொல்லியிருந்தால் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்டிருப்பேன். பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் முழுதாக நம்பினேன்.

நான் செங்கோட்டுவேலு. கோயம்புத்தூரில், காளப்பட்டிப் பக்கம் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் குடியிருக்கிறேன். அங்கேயே எனக்கு வேலையும், அந்த ஸ்விட்ச் பெட்டியைப் பராமரிப்பது. எல்லா ஊரையும்போல எங்கள் குடியிருப்பிலும் ஆளுக்கு ஓர் ஒட்டு உண்டு. காதுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அது எண்ணத்தை அனுப்பாது, உணர்ச்சியை மட்டும்தான் அனுப்பும். பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பயம் வந்தால் இங்கே எனக்கு நெஞ்சு லேசாக இறுகும். வீட்டில் மனைவிக்குச் சந்தோஷம் என்றால், காரணம் தெரியாமலே எனக்கும் முகம் மலரும். என்ன, மலர்ந்த மறு நிமிடமே காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு. அது என் குணம்.

குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேருடைய ஒட்டுகளும் அடித்தளத்தில் உள்ள ஒரே ஸ்விட்சில்தான் வந்து சேருகின்றன. ஆளுக்கு ஓர் இணைப்பு, இணைப்புக்கு ஓர் எண். பெட்டி ஒன்றுதான் என்றாலும் ஒரு வீட்டு வருத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. காரணம் வீலேன். எந்தெந்த இணைப்புகள் ஒரு குடும்பமோ அவற்றுக்கு ஒரே வீலேன் எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் உணர்வார்கள். கம்பிகள் ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தாலும் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீலேன் என்ற சொல் எங்களைப் போன்ற ஆட்களுக்கு. குடியிருப்பில் எல்லோரும் அறை என்பார்கள். தாலி கட்டி முடித்ததும் அறை சேர்ப்பு என்று ஒரு சடங்கே இப்போது வந்துவிட்டது. பெண்ணின் இணைப்பை மாப்பிள்ளையின் அறையில் நான்தான் சேர்த்து வைப்பேன். நாதஸ்வரக்காரருக்கு அடுத்தபடியாக எனக்கு வெற்றிலைத் தட்டு.

எங்கள் வீட்டு அறை 212. என் இணைப்பு 87, மனைவி ரூபிணி 88, ஒன்பது வயது மகள் நிதுலா 89. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இந்த நான்குதான். மற்றவர்களுடைய எண்கள் எங்கள் மேலாளர் ஜரீனா மேடத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கும். பட்டியலைப் பார், பழுதைப் பார், ஆளைப் பார்க்காதே என்பது எங்கள் தொழில் விதி.

அன்று வியாழக்கிழமை. எட்டாம் மாடியில் ஒரு வீட்டுக்கு உணர்ச்சி விட்டு விட்டு வருகிறது என்று புகார். வீலேன் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பெட்டிக்குக் கட்டளை கொடுத்தேன். திரையில் வரிசையாக விழுந்தது. 212-க்கு நேரே 87, 88, 89. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் எனக்கு, மூன்று பேரும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா. பிறகு கீழே போனேன். 417 என்று ஒரு புது அறை. அதற்கு நேரே இரண்டே எண்கள்.

88, 140.

மறுபடி பார்த்தேன். 88 என் பெண்டாட்டி. ஒருவரே இரண்டு அறைகளில் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஒட்டை விரலால் தட்டி மாறிக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஓர் அறைதான். டாக்டர்கள் இருப்பார்கள், தாய்வீட்டு அறையை விடாத பெண்கள் இருப்பார்கள். ஆனால் ரூபிணி டாக்டர் இல்லை. அவளுடைய அம்மா வீடு பவானியில், வேறு ஸ்விட்ச். அப்படியானால் 140 யார்?

விதியாவது ஒன்றாவது. அந்த அறையின் நேரப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக ஞாயிறு தவிர தினமும் மூன்று மணிக்கு 417 உயிர்பெறுகிறது. மூன்று நாற்பதுக்கு அடங்குகிறது. மூன்று மணிக்கு ரூபிணியிடமிருந்து ஒன்றும் வராது என்பது எனக்கு முன்பே தெரியும். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், வேலை செய்து களைத்திருப்பாள் என்று அந்த நேரத்தில் நான் சத்தமாகத் தும்மக்கூட மாட்டேன்! எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்பிருந்தே சந்தேகப் பிராணிதான். போன வாரம்கூட ஒரு சண்டை.

“காலைல பதினொண்ணேகாலுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தியே, என்ன விசயம்?” என்று கேட்டேன்.

ரூபிணி யோசித்தாள். “பதினொண்ணேகாலா? வடகம் காயப் போட்டிருந்தனுங்க. நல்லாக் காஞ்சிருந்துச்சு.”

“வடகத்துக்கு அவ்வளவு சந்தோஷமா?”

“அவ்வளவுன்னா எவ்வளவுங்க? அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

வடகத்துக்காக ஒரு பெண் அப்படிச் சந்தோஷப்படுவாளா என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். என் சந்தேகமும் அவளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். போகட்டும், தெரியட்டும் என்று விட்டிருந்தேன்.

140-ஆம் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிளம்பினேன். அது பெட்டியிலிருந்து சுவரேறிப் பதினான்காம் மாடிக்குப் போகிறது. அந்த மாடியில் நான்கு வீடுகள். இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் வயதான தம்பதி. நான்காவது வீட்டில் அருமைநாதன். ஃபிசியோதெரபி டாக்டர், நாற்பது வயது, மனைவியை இழந்தவர். போன வருடம் ரூபிணிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது பதினைந்து நாள் நீவிவிட்டது அவர்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கம்பி சோதனை என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வீடு முழுக்கத் தைல வாசனை. வாங்க வாங்க என்று கூப்பிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

“மிஸஸுக்குத் தோள் இப்ப எப்படி இருக்குங்க?” என்றார்.

எவ்வளவு தைரியம்! “நல்லா இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?” என்றேன்.

அவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று லிஃப்டில் இறங்கும்வரை யோசித்தேன். மோர் வேறு நன்றாக இருந்து தொலைத்தது.

வெள்ளிக்கிழமை ஜரீனா மேடம் இரண்டே முக்காலுக்கு வரிக் கூட்டத்துக்குப் போனார். நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். யோசனை இதுதான். 417-இல் நானும் போய் உட்காருவேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படி உணர்கிறார்கள் என்று என் நெஞ்சாலேயே பார்ப்பேன். பிறகு யார் என்ன சொல்லி மறுக்க முடியும்? மூன்று மணிக்கு என் இணைப்பு 87-க்கு 417 என்று கட்டளை கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது ரூபிணிதான். அவளோடு பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் இருக்கிறேன், அவளை எனக்கு அடையாளம் தெரியாதா? ஆனால் இப்படி ஒரு ரூபிணியை நான் உணர்ந்ததே இல்லை. எதற்கும் காத்திருக்காமல், எதற்கும் பதில் சொல்லாமல், சும்மா இருந்தாள். ஓடி வந்த ஆள் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்தபிறகு ஒரு நிம்மதி வருமே, அது. பக்கத்தில் யாரோ ஒருவன் இருந்தால்தானே இப்படி இருப்பாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தக் கணமே அவனை உணர்ந்தேன்.

ஆண்தான். சந்தேகமே இல்லை. ஆனால் என்ன மனது ஐயா அது! சுருங்கி, சூடேறி, எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிற மனது. யாரோ தன் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற பதற்றம். அதற்கு அடியில், விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று ஒரு பயம். இவனோடா? இவ்வளவு அசிங்கமான மனதுக்காரனோடா என் பெண்டாட்டி தினமும் நாற்பது நிமிடம் இருக்கிறாள்? அவனை வெறுத்தேன். அவனும் என்னை வெறுத்தான். ரூபிணி திடுக்கிட்டது தெரிந்தது. அடுத்த நொடி அவள் இல்லை. அறையைவிட்டுப் போய்விட்டாள்.

அவன் போகவில்லை.

எழுந்து படிகளில் ஓடினேன். லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பதினான்கு மாடியும் அவன் என்கூடவே ஏறி வந்தான். எனக்கு ஆத்திரம் ஏற ஏற அவனுக்கும் ஏறியது. கதவைத் திறந்த அருமைநாதன் கையில் தைலம் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பெரியவர் குப்புறப் படுத்திருந்தார்.

“என்னங்க, கம்பி மறுபடி பழுதா?” என்றார் அருமைநாதன்.

அவருடைய காதுக்குப் பின்னால் பார்த்தேன். ஒட்டு இல்லை. சிகிச்சை நேரத்தில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது டாக்டர்களுக்கு விதி. மேசைமேல் ஒரு கிண்ணத்தில் அது அணைந்து கிடந்தது. ஆனால் எனக்குள் அவன் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தேன். நடைபாதையில் கம்பிகள் பிரியும் சிறு அலமாரி இருக்கிறது. அதைத் திறந்து 140-ஐத் தேடினேன். அது எந்த வீட்டுக்கும் போகவில்லை. அலமாரிக்குள்ளேயே முடிந்திருந்தது. முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புச் சொருகி. எனக்கு அதை நன்றாகத் தெரியும், என் பையிலேயே இரண்டு இருக்கின்றன. திருப்பிக் கட்டை என்போம். போகிற கம்பியை வருகிற கம்பியோடு சேர்த்துக் கட்டியது. கம்பி நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படும். நாம் எதை அனுப்புகிறோமோ அதையே அப்படியே நமக்குத் திருப்பித் தரும், வேறு ஒன்றும் தெரியாது அதற்கு.

கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே அவனுக்கும் வெட்கம் வந்தது.

கீழே வந்தபோது ஜரீனா மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பாத்துட்டியாப்பா?” என்றார்.

“அந்தக் கட்டைய நீங்கதான் சொருகினீங்ளா மேடம்?”

“ஆமா. ரெண்டு மாசம் முந்தி ரூபிணி எங்கிட்ட வந்தா. யாருமே இல்லாத அறை ஒண்ணு போட்டுத் தர முடியுமான்னு கேட்டா. ஒரே ஆள் இருக்கற அறைய இந்தப் பெட்டி ஏத்துக்காதுன்னு உனக்கே தெரியும். ரெண்டு முனை இருந்தாத்தான் அறை நிக்கும். சும்மாக் கெடந்த 140-ல கட்டையச் சொருகிக் குடுத்தேன். அவ அமைதியா உக்காந்தா அமைதி திரும்பி வரும், அவ்வளவுதான். நாப்பது நிமிசம் போதும் மேடம், மீதி நேரத்தத் தாங்கிக்குவேன்னா.”

“என்னத்தத் தாங்கிக்குவாளாம்?”

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். இப்போதுதான் அதை நீயே நேரில் பார்த்துவிட்டு வந்தாயே என்பதுபோலப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“அந்த அறைக்குள்ளயும் வந்து உக்காந்து...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“விதிப்படி உன் மேல நான் எழுதிக் குடுக்கணும். அத அப்பறம் பாப்போம். மொதல்ல இதப் பாரு.” திரையை என் பக்கம் திருப்பினார். “நீ ‘சேர்’ கட்டளை போடல வேலு.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது இது. இருக்கிற இணைப்பை இன்னொரு அறையிலும் விட வேண்டுமென்றால், அறை எண்ணுக்கு முன்னால் சேர் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எண்ணை மட்டும் அடித்தால் பெட்டி பழைய அறைகளை எல்லாம் துடைத்துவிட்டுப் புது அறையை மட்டும் வைத்துக்கொள்ளும். நூறு பேருக்கு நான் சொல்லித் தந்த பாடம். திரையில் 212-க்கு நேரே இரண்டே எண்கள் இருந்தன. 88, 89. என் 87 ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, 417-இல், அந்தக் கட்டைக்குப் பக்கத்தில்.

என் வீட்டைவிட்டு என்னை நானே வெளியேற்றியிருக்கிறேன். அரை மணி நேரமாக எனக்கு அது தெரியவும் இல்லை!

“ஒரு வரிதான மேடம். இப்பவே சரிபண்ணிடறேன்.”

“முடியாதுப்பா. அறையில இருந்து போன ஆள மறுபடி சேர்க்கணும்னா உள்ள இருக்கறவங்க சம்மதிக்கணும். விதி. வீட்டுக்குப் போயி உன் பெண்டாட்டிகிட்டக் கேட்டுட்டு வா.”

அது ஒரு பெரிய காரியமா என்றுதான் லிஃப்டில் ஏறினேன். தினமும் நான் ஒன்பதாம் மாடியில் இறங்கும்போது வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். அழைப்பு மணியை அடித்த நினைவே எனக்குக் கிடையாது. புருஷன் வருவதை உணர்ந்து ஓடிவந்து கதவைத் திறந்து வைக்கிறவள் இந்தக் குடியிருப்பில் எத்தனை பேர் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அன்று கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். நிதுலா ஏதோ ஒரு டீச்சரைப்போல் நடித்துக் காட்டுகிறாள், ரூபிணி மூச்சு முட்டச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட என் நெஞ்சுக்கு வரவில்லை. காதுக்கு மட்டும்தான் கேட்டது.

மணியை அடித்தேன். சிரிப்பு நின்றது.

“எப்ப வந்தீங்க?” என்றாள் ரூபிணி. “வந்ததே தெரியலீங்களே.”

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலைப் பார்த்தது, மோர் குடித்தது, படியேறியது, சேர் போடாமல் விட்டது. கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்பட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“மூணு மணிக்கு உள்ள வந்தது நீங்கதான்னு எனக்கு உடனே தெரிஞ்சுதுங்க. உங்க மனசத்தான பொழுதன்னிக்கும் தூக்கிச் சுமக்கறேன், தெரியாதுங்ளா?” என்றாள்.

“சரி, தப்புதான். ஒரே ஒரு சம்மதம் குடுத்துரு. கீழ போயி ஒரு நிமிசத்துல சேத்துட்டு வந்துடறேன்.”

அவள் நிதுலாவைப் பார்த்தாள். நிதுலா தரையில் கோலப்பொடியால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

“வேண்டாங்க” என்றாள் ரூபிணி.

“என்னை வேண்டாங்கறியா?”

“உங்கள வேண்டாங்கல. இது உங்க வீடு. இருங்க, சாப்பிடுங்க, பேசுங்க, சண்டைகூடப் போடுங்க. எனக்குள்ள இருக்க வேண்டாங்க.”

“தெனமும் கதவத் தொறந்து வெச்சுட்டு நிப்பியே ரூபிணி. அதுவும் பொய்யா?”

“நீங்க லிஃப்ட்ல ஏற ஏற எங்களுக்கு வயித்தக் கலக்குங்க. இன்னைக்கு எதக் கேப்பீங்களோன்னு. மணி அடிக்கற வரைக்கும் காத்திருக்க முடியாமத்தான் தொறந்து வெப்பேன்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அப்போது நிதுலா தலையைத் தூக்கினாள். என்னை எப்போதும் ஓரக்கண்ணால் பார்க்கும் குழந்தை, அன்றைக்கு நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, நாளைக்கும் இப்படியே இருக்குமா?”

அவளுக்கு என்ன தெரியும். இன்று வீட்டுக்குள் வெயில் நன்றாக அடிக்கிறது, நாளைக்கும் அடிக்குமா என்பதுபோலத்தான் கேட்டாள். “இருக்கும் கண்ணு” என்றேன்.

ஜரீனா மேடம் என் மேல் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை இருக்கிறது. சாப்பாடு இருக்கிறது. ரூபிணி முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள் என்றுகூடச் சொல்லலாம். நான்தான் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் அது விசாரணை மாதிரியே என் வாயிலிருந்து வருகிறது.

திங்கட்கிழமை வழக்கமான சோதனைக்காகப் பட்டியலை எடுத்தேன். 417-க்கு நேரே இரண்டு எண்கள் இருந்தன. 87, 140. 88-ஐக் காணவில்லை. மேடத்திடம் கேட்டேன். சனிக்கிழமை காலையிலேயே ரூபிணி வந்து அந்த அறை இனிமேல் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

“உன்னையும் எடுத்துரட்டுமா? எதுக்கு அந்தக் கட்டையோட உக்காந்துட்டு?” என்றார்.

வேண்டாம் என்றேன். எங்கேயாவது ஓர் அறையில் இருக்க வேண்டுமே.

மூன்று மணிக்கு 212 உயிரோடு இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை நாள், அம்மாவும் மகளும் வீட்டில் இருந்தார்கள். எதற்கோ சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பெற்ற பெண்ணின் மேலேயே பொறாமைப்படும் தகப்பனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் ரூபிணிக்குள் நான் இருந்த இடத்தில் இப்போது மகள் ஒருத்தியே இருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் அவனுக்கும் எரிந்தது.